அணிற்பிள்ளைகள்

தமிழ்நாட்டில் அணிலை அறியாத பிள்ளை எவரும் இலர். வேம்பும் முருங்கையும் நிற்கும் முற்றங்களிலும், கோயில் மதில்களிலும், பள்ளிக்கூடத்து ஓட்டுக் கூரைகளிலும் அது ஓடியாடித் திரிகின்றது. வாலை நிமிர்த்திக்கொண்டு ஓயாது கீச்சிடுவதும், முன்னங்கால்கள் இரண்டையும் கைகளாகக் கொண்டு பழத்தைக் கொறிப்பதும், சிறு அரவம் கேட்டவுடன் மரத்தின் மறுபுறம் பாய்ந்து மறைவதும் எல்லோரும் கண்ட காட்சிகளே. நம் நாட்டு அணிலின் முதுகில் மூன்று வெண்கோடுகள் உண்டு. தொல்காப்பியர் அணிலைக் கூறும்போது, மூன்று வரிகளை உடையது என்று அடைகொடுத்தே கூறுகின்றார். அணிலின் இளமைக்குக் 'குட்டி' என்பதே உரிய பெயர் என்பது அவர் வகுத்த மரபு. அதே நூற்பாவில் பூனைக்கும் அப்பெயரையே அவர் உரிமையாக்கியிருப்பது ஒரு வேடிக்கை. பெயரில் ஒற்றுமை உண்டே ஒழிய, பூனைக்கும் அணிலுக்கும் என்றும் உறவு கிடையாது.

சங்கப் புலவர் ஒருவருக்கு 'அணிலாடு முன்றிலார்' என்பது பெயர். தலைவனைப் பிரிந்த தலைவியின் வெறுமைக்கு, மக்கள் குடிபெயர்ந்து போன வீட்டின் முற்றத்தில் அணில் தனியே விளையாடும் காட்சியை அவர் உவமையாக்கினார். அவருடைய இயற்பெயர் மறைந்தது, அணில் நின்றது. இராமபிரான் சேதுவை அமைத்த நாளில் அணில்கள் நீரில் நனைந்து, மணலிற் புரண்டு, அம்மணலைக் கொண்டு கடலைத் தூர்க்க முயன்றன என்னும் கதையும் நம் நாட்டார் நாவில் நெடுங்காலமாக வழங்குகின்றது. வான்மீகியின் காவியத்தில் அக்கதை இல்லை. ஆயினும் தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையில் அவ்வணில்களின் கள்ளமற்ற தொண்டினைப் போற்றி உருகுகின்றார்.

இவ்வளவு புகழ்பெற்ற அணில் பிறக்கும்போது மிகவும் எளியதாகவே பிறக்கின்றது. தாயணில் ஏறத்தாழ 34 நாள் கருவைச் சுமந்து, பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகளை ஈனும். சிலபோது அத்தொகை கூடுவதும் உண்டு. தேங்காய் நார், பஞ்சு, உலர்ந்த புல், கந்தைத் துணி ஆகியவற்றைத் திரட்டிக் கூரையின் இடுக்கிலோ மரப்பொந்திலோ அது கூடு அமைக்கின்றது. குட்டிகளுக்கு அப்போது மயிர் இராது, கண் திறந்திராது, தோல் மெல்லியதாய்ச் சிவந்து இருக்கும். தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ளவும் அவை அறியா. தாயின் சூடே அவற்றின் உயிர். அக்கூடு சரிந்தாலும், தாய் திரும்பாமற் போனாலும், அவை சில மணி நேரத்திற்கு மேல் தாங்குவது அரிது. இவ்வாறு தாயை இழந்த அணிற்குட்டிகளுக்குத் தாயாக இருந்த துறவி ஒருவர் திருவண்ணாமலையில் வாழ்ந்தார். அவரே இரமண மகரிஷி.

திருவண்ணாமலை நடுநாட்டுத் தலங்களுள் ஒன்று. ஐம்பூதத் தலங்களில் இது தீயின் தலம். ஊருக்கு மேற்கே எழுந்து நிற்கும் அருணாசலம் என்னும் மலையே இங்குச் சிவமாகப் போற்றப்படுகின்றது. கார்த்திகைத் திங்களில் அதன் உச்சியில் ஏற்றப்படும் தீபத்தைக் காணவும், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள மலைவழியை வலம்வரவும் மக்கள் திரள் திரளாக வருகின்றனர்.

இரமணர் 1879-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் திருச்சுழியிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். மதுரையிற் பள்ளி மாணவராக இருந்தபோது, தம் 16-ஆம் வயதில், 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் எவரிடமும் சொல்லாது வீட்டைவிட்டுப் புறப்பட்டார். செப்டம்பர்த் திங்கள் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். அதன்பின் 54 ஆண்டுகள், 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மறையுமளவும், அவர் அம்மலையடியைவிட்டு நீங்கவே இல்லை. முதலிற் கோயிலிலும் அதன் சுற்றுப்புறங்களிலும், பின்னர் மலைமேல் விருபாட்சி குகையிலும் கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். அன்னையார் 1922-ஆம் ஆண்டு மறைந்தபின், அவர் சமாதி அமைந்த மலையடிவாரத்தில் தங்கினார். அங்குத் தோன்றி வளர்ந்ததே இரமணாசிரமம்.

ஆசிரமத்தின் பழைய கூடத்தில் ஒரு நீண்ட இருக்கை இருந்தது. மகரிஷி பகலெல்லாம் அதன்மேல் அமர்ந்திருப்பார். அவரைக் காண உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் அறிஞர்கள் வந்தனர், செல்வர் வந்தனர், வழிப்போக்கர் வந்தனர். எல்லோரும் வாயில் வழியாக வந்து, வணங்கி, அமைதியாக ஓரிடத்தில் அமர்வர். அணில்களுக்கோ அந்த நியமம் இல்லை. அவை சன்னல் வழியாகப் பாய்ந்து நேரே அவர் இருக்கையின்மேல் ஏறின. அவற்றுக்கென்றே அவர் பக்கத்தில் பருப்பு நிறைந்த சிறு தகரப்பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும். சில வேளைகளில் பெட்டியையே அவற்றின்முன் வைத்துவிடுவார். வேண்டியமட்டும் அவை எடுத்துக்கொள்ளும். சில வேளைகளிற் பருப்பை விரலிடையே பிடித்து நீட்டுவார். அணில் அஞ்சாது வந்து வாங்கிச் செல்லும். காட்டுயிர் ஒன்று மனிதன் கையிலிருந்து உணவை வாங்குவது சிறு செய்தியன்று. அணிலின் பிறவிக் குணமே அச்சம். அசையாத கையும், அவசரமற்ற மனமும், பல நாளைய பழக்கமும் கூடியபோதே அவ்வச்சம் நீங்கும்.

இக்கூடத்தில் ஒருநாள் நிகழ்ந்ததை அன்பர்கள் எழுதி வைத்துள்ளனர். இருக்கைக்கு மேலே இருந்த கூட்டிலிருந்து நான்கு அணிற்குட்டிகள் மகரிஷியின் இருக்கைமேல் வீழ்ந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் அங்குலமே இருக்கும். கண் திறக்கவில்லை. செக்கச் சிவந்த பச்சைக் குட்டிகள். தாயணில் அவற்றை எடுத்துச் செல்ல முன்வரவில்லை.

மகரிஷி அந்நான்கையும் தம் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். சூழ இருந்தோர் என் செய்வது என்றறியாது திகைத்தனர். பாலூட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஊட்டும் வகைதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. சங்கினால் ஊட்டுவதற்கு அவை மனிதக் குழவிகள் அல்ல. மிகச் சிறிய கரண்டியும் அவற்றின் வாய்க்குப் பெரிது. ஒரு துளி மிகுந்தாற் பால் மூச்சுக்குழலிற் சென்று உயிரைக் குடித்துவிடும். அன்பர்கள் முகத்திற் கவலை படர்ந்தது. மகரிஷியின் முகமோ மலர்ந்திருந்தது என்று அக்குறிப்புக் கூறுகின்றது.

அவர் முதலிற் பஞ்சு கொண்டுவரச் சொன்னார். அதைக் கொண்டு மெத்தை போன்ற படுக்கை ஒன்று அமைத்துக் குட்டிகளை அதிற் கிடத்தினார். பின்னர்ச் சிறிது பஞ்சை எடுத்து விரல்களால் உருட்டி, நுனி ஊசிபோற் கூர்மையாகும்படி திரித்தார். அத்திரியைப் பாலில் நனைத்து ஒவ்வொரு குட்டியின் வாயிலும் மெல்லப் பிழிந்தார். ஒரு முறையோடு அவ்வேலை முடியவில்லை. குறித்த இடைவெளி விட்டு, மீண்டும் மீண்டும் அதனைச் செய்தார். நாட்கள் சென்றன. குட்டிகள் கண் திறந்தன, மயிர் முளைத்தது, ஓடத் தொடங்கின. ஓடத் தொடங்கிய பின்னும் அவை தொலைவிற் செல்லவில்லை; தம்மை வளர்த்தவரைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தன.

இந்நிகழ்ச்சியை அருளுக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் கூறுவர். அது உண்மையே. ஆனால் அருள் மட்டும் அக்குட்டிகளைக் காத்திராது என்பதையும் நோக்க வேண்டும். சூழ இருந்த அன்பர்களிடத்தும் இரக்கம் இருந்தது. குட்டிகளுக்கு வேண்டியதாயிருந்தது, பஞ்சை எவ்வளவு மெல்லியதாகத் திரிப்பது என்றறிந்த விரல். முதலிற் சூடு, பிறகே பால் என்னும் முறை, குளிர்ந்த உடலுக்குப் பால் செரிக்காது என்பதனால் மிக இன்றியமையாதது. படுக்கையை முதலில் அமைத்து, பாலை அடுத்து ஊட்டியதில் அம்முறை அமைந்திருக்கின்றது. பஞ்சுத்திரி பாலை ஈர்த்து வைத்துக்கொண்டு, நுனியிற் சிறு சிறு துளியாகவே விடும். ஆதலால் மூச்சுத் திணறாது. விலை கொடுத்து வாங்க வேண்டிய கருவி ஒன்றும் அங்கு வேண்டியிருக்கவில்லை. நேரம் தவறாமைதான் அரிய பொருள். பெரியோர் பலர் வந்து காத்திருக்கும் கூடத்தில், வேதாந்த வினாக்களுக்கு இடையே, அங்குல அளவுள்ள நான்கு வயிறுகளின் பசி வேளையை ஒருவர் மறவாதிருந்தார்.

தாயற்ற அணில்கள் மகரிஷியிடம் வந்து சேர்ந்தது அந்த ஒரு முறை மட்டுமன்று. பிறிதொரு சமயம் தாயணிலைப் பூனை தின்றுவிட்டது. அதன் குட்டிகளைப் பேணும் பொறுப்பு மகரிஷியின்மேல் விழுந்தது. அக்குட்டிகள் சிறிது வளர்ந்து நடமாடும் பருவத்தை எய்தியதும் கூட்டில் அடங்கியிருக்க மறுத்தன. வெளியே பூனை இருக்கின்றது, நாய் இருக்கின்றது, காகம் இருக்கின்றது என்று அவை அறியா. ஊர்ந்து ஊர்ந்து வெளியே வரும், எடுத்து உள்ளே விடுவர், மீண்டும் வரும். அதைக் கண்ட மகரிஷி, கூட்டினுள்ளே இருத்தலே அறிவு என்பதை இக்குட்டிகள் அறியவில்லை என்றும், மனமும் இத்தகையதே, தன் இடத்தைவிட்டு வெளியே செல்வதனாலேயே துன்பத்தை அடைகின்றது என்றும் அருகிலிருந்தோர்க்குக் கூறினார். அணிலைக் காக்கும் வேலைக்கு நடுவே ஞான நெறியும் சொல்லப்பட்டது. எனினும் குட்டியை எடுத்துக் கூட்டில் வைக்கும் வேலையை அவர் அதனால் நிறுத்திவிடவில்லை.

முதுமையில் மகரிஷிக்கு முடக்குவாதம் கண்டது; கோலூன்றி நடந்தார். ஒருநாள் ஆசிரம முற்றத்திற்கு இறங்கும் படிகளில் அவர் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஓர் அணில் அவர் காலருகே பாய்ந்து ஓடிற்று. அதனை ஒரு நாய் துரத்தி வந்தது. மகரிஷி நாயை அதட்டிக் கூவி, தாம் ஊன்றியிருந்த கோலையே இரண்டிற்கும் இடையில் எறிந்தார். கோலை இழந்தவர் கால் வழுக்கி வீழ்ந்தார், காறையெலும்பு முறிந்தது. நாயின் கவனம் திரும்பியது, அணில் தப்பியது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை 1954-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆர்தர் ஆஸ்போர்ன் இதனை இரண்டொரு வரியிற் கூறி மேலே செல்கின்றார். முதியவர் ஒருவர்க்கு அது சிறு துன்பமன்று. கோலை எறியுமுன் எண்ணிப் பார்க்க அவருக்குப் பொழுது இருந்திராது. நெடுநாட் பழக்கம் இத்தகைய நொடியிலேதான் வெளிப்படும்.

மகரிஷியின் பேச்சில் தமிழ் மாணவர் கவனிக்கத்தக்க ஒரு வழக்கம் இருந்தது. விலங்குகளையும் பறவைகளையும் அவர் 'அது' என்று சொல்வதில்லை. 'அவன்' என்றும் 'அவள்' என்றுமே சொல்வார். பையன்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று அவர் கேட்டால், புதிதாக வந்தவர் எந்தப் பையன்கள் என்று சுற்றுமுற்றும் பார்ப்பர். அவர் கேட்டது ஆசிரமத்து நாய்களைப் பற்றி. ஆசிரமத்தில் நாய்களுக்கு முதலில் உணவிடுவதும், பின்னர் இரவலர்க்கு இடுவதும், அதன் பின்னரே அன்பர்கள் உண்பதும் முறையாக இருந்தது. அஃறிணையை உயர்திணையாகக் கூறுவது இலக்கணப்படி வழுவாகும். ஆயினும் உவப்பு முதலிய காரணம்பற்றி வருமாயின் அதனை வழுவமைதியாக நன்னூலார் ஏற்கின்றார். தன் பசுவைத் தாயென்று கூறி மகிழும் ஒருவனை உரையாசிரியர்கள் அதற்குச் சான்றாகக் காட்டுவர். இலக்கணம் விதிவிலக்காக இடங்கொடுத்ததை மகரிஷி அன்றாட வழக்காக்கிக் கொண்டார்.

விருபாட்சி குகையில் அவர் வாழ்ந்த நாளிலே குரங்கு ஒன்றும் இவ்வாறு அவரிடம் உயிர் பிழைத்தது. கூட்டத்தின் தலைக்குரங்கு ஒரு குட்டியைக் கடித்துக் குதற, அது செத்ததென்று எண்ணிக் குரங்குகள் அதனைக் குகையருகே விட்டுச் சென்றன. அவர் அதனை எடுத்துப் பேணினார். காயம் ஆறியது, கால் மட்டும் நொண்டியாயிற்று. 'நொண்டி' என்பதே அதன் பெயராகவும் நிலைத்தது. மனிதர் கைபட்ட குரங்கைக் குரங்குக் கூட்டம் ஏற்பதில்லை என்பர். ஆயினும் சில நாள் கழித்து அவ்வழியே வந்த கூட்டம் நொண்டியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அதன் பின்னும் நொண்டி குகைக்கு வந்து மகரிஷியின் மடியிலே ஏறி அமரும். இலையில் இட்ட சோற்றில் ஒரு பருக்கையும் சிந்தாது உண்ணும். ஒருமுறை சிறிது சிந்தியதற்கு அவர் கடிந்துரைக்க, சினங்கொண்டு அவர் கண்ணருகே அறைந்துவிட்டது. தண்டனையாகச் சில நாள் மடியேறும் உரிமை அதற்கு மறுக்கப்பட்டது. கெஞ்சிக் குழைந்து அது அவ்வுரிமையை மீண்டும் பெற்றது. அவர் செல்லம் மட்டும் கொடுத்து வளர்ப்பவர் அல்லர் என்பதற்கு இச்சிறு நிகழ்ச்சி சான்று. நொண்டி பிற்காலத்திற் கூட்டத்திற்கே தலைமை பூண்டது.

காத்தவையெல்லாம் பிழைத்தன என்று கூற இயலாது. வள்ளி என்னும் மான் ஆசிரமத்தில் வளர்ந்தது. அது காயமுற்று இறந்துபட்டது. இறக்குமளவும் மகரிஷி அதன் அருகிருந்து, அதன்மேற் கை வைத்திருந்தார். சாக்கி என்னும் நாயும் நோயுற்று அங்கேயே உயிர் நீத்தது. இவ்விரண்டிற்கும், ஒரு காகத்திற்கும், 1948-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் மறைந்த இலட்சுமி என்னும் பசுவுக்கும் எடுக்கப்பட்ட சமாதிகளை இரமணாசிரமத்தில் இன்றும் காணலாம்.

மகரிஷி செய்ததை இன்றைய விலங்கு மருத்துவ அறிவோடு சேர்த்துப் பார்ப்பது பயனுடையது. ஏனெனில், காற்றடித்த மறுநாட் காலையில் மரத்தடியில் அணிற்குட்டி கிடப்பதைக் காணாத சிற்றூரும் இல்லை, தெருவும் இல்லை. கண்டவுடன் அதனை வீட்டிற்கு எடுத்துச் செல்வது பெரும்பாலும் தவறு. தாய் உயிரோடிருந்தால் குட்டிக்கு அதனினும் சிறந்த செவிலி இல்லை. குட்டிக்குக் காயம் இல்லையென்று கண்டால், மெல்லிய துணி விரித்த சிறு கூடையில் அதனை இட்டு, எறும்பு ஏறாத நிழலான இடத்தில், விழுந்த மரத்தின் அருகிலேயே வைத்தல் வேண்டும். பூனையும் நாயும் காகமும் அண்டாதபடி ஒருவர் சற்றுத் தொலைவில் நின்று பார்த்துக்கொள்ளலாம். கூட்டமாகச் சூழ்ந்து நின்றால் தாய் இறங்கி வாராது. மனிதன் தொட்ட குட்டியைத் தாயணில் தீண்டாது என்று பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. வாயாற் கவ்வி ஒவ்வொன்றாகக் கூட்டிற்குக் கொண்டு செல்வது தாயணிலின் வழக்கம். அணில் பகலில் நடமாடும் உயிர். ஆதலின், பொழுது சாயுமளவும் தாய் வாராவிட்டால் இனிக் காத்திருப்பதிற் பயனில்லை.

அதன்பின் செய்ய வேண்டுவது சூடு அளித்தல். வெதுவெதுப்பான நீர் நிறைத்த புட்டியைத் துணியிற் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைக்கலாம். பெட்டி முழுவதும் சூடேறினால் குட்டி விலகிச் செல்ல இடமின்றி வாடிவிடும். ஆகவே மறுபக்கம் சூடின்றி இருத்தல் வேண்டும். உடல் குளிர்ந்திருக்கும்போது ஒரு துளி பாலும் தரலாகாது.

பாலைப் பொறுத்தவரை, மகரிஷியின் காலத்தில் அறியப்படாத ஒரு செய்தியை இன்று மருத்துவர் கூறுகின்றனர். பசும்பால் அணிற்குட்டியின் வயிற்றுக்கு ஒத்ததன்று. பெரும்பாலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அத்துணைச் சிறிய உடலிலிருந்து நீர் வற்றினால் உயிர் தங்காது. நாய்க்குட்டிகளுக்கென்று விற்கப்படும் பால்மாவையே மருத்துவர் பெரும்பாலும் குறிப்பர். ஊட்டுவதற்கு ஊசி நீக்கிய சிறு மருந்துக்குழல் இன்று கிடைக்கின்றது. குட்டியை மல்லாத்திப் பிடித்து ஊட்டுவது பெருந்தவறு. தாயின் மடியிற் கிடப்பதுபோல வயிறு கீழாகவே இருக்க வேண்டும். மூக்கின் வழியே பால் வெளிப்பட்டால் ஊட்டுவதை உடனே நிறுத்திவிட வேண்டும். கண் திறவாத குட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும் கூட, உணவு தேவைப்படும். பால் கொடுத்தபின், தாய் நக்கிக் கொடுப்பதற்கு ஈடாக, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சினால் அதன் அடிவயிற்றை மெல்லத் தடவ வேண்டும். அவ்வாறு செய்தாலன்றி அக்குட்டிகள் சிறுநீரும் மலமும் கழிக்க மாட்டா. வளர்ப்போர் பலர் பாலில் மட்டும் கருத்தைச் செலுத்தி இதை மறந்துவிடுகின்றனர்.

பூனை வாய்ப்பட்ட குட்டிக்கு வீட்டு மருத்துவம் போதாது. பல் பதிந்த இடம் ஊசி முனையளவே தோன்றினும், பூனையின் உமிழ்நீரிலுள்ள நுண்கிருமிகள் உள்ளே சென்று குருதியை நஞ்சாக்கிவிடும். தாமதியாது அரசு கால்நடை மருந்தகத்திற்கு எடுத்துச் செல்வதே செயற்பாலது. குட்டியைத் துணியாற் பற்றி எடுத்தல் நன்று. அச்சத்தால் அது கடித்துவிட்டால், கடித்த இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, மனித மருத்துவரையும் காண வேண்டும்.

கண் திறந்து, உடலெங்கும் மயிர் மூடி, வால் செழித்தபின், குட்டி பழத்துண்டையும் பருப்பையும் தளிரையும் கொறிக்கத் தொடங்கும். பிறந்து ஏறத்தாழ பத்து வாரத்தில் அது பாலை முற்றும் மறந்துவிடும். அப்போது கூண்டை மரங்கள் உள்ள இடத்திற்குக் கொண்டுசென்று, காற்றுக்கும் வெயிலுக்கும் பிற அணில்களின் ஓசைக்கும் பழக்குதல் முறை. வீட்டுப் பூனையோடும் நாயோடும் அஞ்சாது பழகவிட்ட அணில் வெளியே சென்ற முதல் நாளிலேயே இரையாகிவிடக்கூடும். ஆதலின் அவற்றின் அச்சத்தைப் போக்காதிருப்பதே அதற்குச் செய்யும் உதவி.

பின்னர் ஒருநாட் காலையிற் கூண்டின் கதவு திறந்து வைக்கப்படும். அணில் உடனே ஓடிவிடாது. வாயிலில் நின்று மூக்கை அசைத்துப் பார்க்கும். ஒருமுறை வெளியே சென்று உள்ளே திரும்பும். பிறகு மரத்தின்மேல் ஏறும். மாலையில் உணவுக்கும் உறக்கத்திற்கும் கூண்டிற்கே வருவதும் உண்டு. சில நாள் அவ்வாறு வரும். அதுவரை கதவைத் திறந்தே வைத்து, பருப்பும் நீரும் உள்ளே வைத்தல் வேண்டும். வைத்த பருப்பு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தொடப்படாமற் கிடந்தால், கூண்டைக் கழுவி எடுத்து வைத்துவிடலாம்.